நான்கு கடிகாரங்கள் போதும்

இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள எத்தாளையில் வளரும் அன்புள்ள இளைய வாசகருக்கு,

கைக்கடிகாரம் சேகரிப்பது பணம் படைத்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் அது சேகரிப்பை விலையுயர்ந்த பொருள்களின் குவிப்பாகக் கருதுவதால் எழுவதே தவிர, கடிகாரத்தின் இயல்பிலிருந்து எழுவதன்று. மணிக்கட்டில் அணியும் கடிகாரங்களுள் மிகப் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கும்: சாவி கொடுத்தால் ஓடுவது, அணிந்தவரின் கையசைவால் தானே முறுக்கேறுவது, பற்றரியின் விசையால் முள்ளை நகர்த்துவது, முள்ளின்றி எண்களாகவே நேரத்தைக் காட்டுவது. இவற்றில் வகைக்கொன்றாக, எளிய விலையில் கிடைக்கும் நல்ல கடிகாரங்கள் நான்கு கையிலிருந்தால், அக்கருவியின் வரலாறு பெரும்பாலும் ஒரு சிறு பெட்டிக்குள் வந்துவிடும் என்பதே இக்கடிதம் எடுத்துரைக்க விரும்பும் கருத்தாகும்.

முதல் வகைக்கு, இந்தியாவின் எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரங்களைவிடப் பொருத்தமானவை இப்பகுதியில் இல்லை. 1953 இல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்வதற்கென்று இந்திய அரசு தொடங்கிய இந்நிறுவனம், 1961 இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகார உற்பத்தியில் இறங்கி, ஜனதா, பைலட், காஞ்சன் முதலிய பெயர்களில் சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய கடிகாரங்களைப் பல பத்தாண்டுகள் வழங்கியது. பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரங்களையும் செய்தது. 2016 ஜனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஜனதாவின் உள்ளே, உருளை வடிவப் பேழைக்குள் சுருட்டி வைக்கப்பட்ட மெல்லிய எஃகு நாடாவான சுருள்வில், சாவி கொடுக்கும்போது இறுகி, பின்னர் மெல்ல விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவ்விசை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல் தடுத்துத் தடுத்து விடுவது, சமநிலைச் சக்கரம் என்னும் இங்குமங்கும் ஆடும் சிறு வளையமாகும். இது மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 5 முறை ஆடுவதே காதில் விழும் டிக் ஒலிக்குக் காரணம். முகப்பில் காணப்படும் ‘17 ஜுவல்ஸ்’ என்ற குறிப்பு, அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பொருத்தப்பட்ட 17 செயற்கை மாணிக்கக் கற்களைக் குறிக்கிறது. அவற்றின் பயன் உராய்வைக் குறைப்பதேயன்றி, அவற்றுக்கு நகைக்கடை மதிப்பு எதுவும் இல்லை.

இக்கடிகாரங்களில் ஏமாற்று வேலையும் மிகுதி. பழைய இயந்திரத்தை எடுத்து, அதன் முகப்பை நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் மறுபடி பூசி, புதியது போல் விற்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. எழுத்துகளின் விளிம்பு கசிந்திருத்தல், வினாடிக் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருத்தல், முகப்பு பளபளக்கப் பின்மூடி தேய்ந்திருத்தல் ஆகியவை மறுபூச்சின் அடையாளங்கள். சற்று மஞ்சளேறிய, ஆனால் மூலமான முகப்பே சேகரிப்பவருக்கு மதிப்புடையது. எச்.எம்.டி.யின் பல மாதிரிகளுக்குள் இருப்பது ஒரே அடிப்படை இயந்திரம் என்பதால், ஓடாத ஒன்றை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டால் அதன் உறுப்புகள் ஓடும் ஒன்றுக்கு உதவும். குறைந்த பணத்தில் சேகரிப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

தானே முறுக்கேறும் வகையில் சீக்கோ நிறுவனத்தின் ‘சீக்கோ 5’ வரிசை சிறந்தது. 1963 இல் தொடங்கிய இவ்வரிசையின் பெயரிலுள்ள 5, தானியங்கி முறுக்கு, ஒரே சாளரத்தில் கிழமையும் தேதியும், நீர் தாங்கும் தன்மை, நான்கு மணி இடத்தில் உள்ளடங்கிய குமிழ், உறுதியான கூடும் வாரும் என்னும் ஐந்து இயல்புகளைக் குறிக்கிறது. பின்மூடியில் பொறிக்கப்பட்ட தொடர் இலக்கத்தின் முதல் இலக்கம் உற்பத்தி ஆண்டின் கடைசி இலக்கமாகவும், இரண்டாவது குறி மாதமாகவும் அமைவதால், கடிகாரத்தின் வயதை ஓரளவு தானே கணித்துக்கொள்ளலாம். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் இலங்கையின் கரையோர வீடுகளுக்குக் கொண்டுவந்த இத்தகைய கடிகாரங்கள் பல அலுமாரிகளில் ஓடாமல் கிடக்கின்றன. ஆகவே கடைக்குப் போகுமுன் வாப்பாவிடமோ, பெரியப்பாவிடமோ, மாமாவிடமோ கேட்டுப் பார்ப்பது நல்லது. அவ்வாறான வீட்டுக் கடிகாரம் நாட்டின் வரலாற்றையும் சுமந்து வந்திருக்கும்: 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணியும், 2006 ஏப்ரலில் இன்னோர் அரை மணியும் பின்தள்ளப்பட்டபோது, அதன் முட்களும் யாரோ ஒருவரின் விரலால் திருப்பப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வகையான குவார்ட்ஸ், கடிகார உலகையே தலைகீழாக்கியது. குவார்ட்ஸ் என்னும் படிகத் துண்டு, மின்னோட்டம் பாயும்போது மாறாத வேகத்தில் அதிரும் இயல்புடையது. இவ்வியல்பைப் பயன்படுத்தி 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ வெளியிட்ட அஸ்ட்ரான் என்ற கைக்கடிகாரம் 4,50,000 யென் விலைக்கு விற்றது. அது அக்காலத்து ஒரு சிறிய மோட்டார் காரின் விலையாகும். இன்றைய சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று கிடைப்பதால், எளிய மின்சுற்று ஒன்றே வினாடிக்கு ஒரு துடிப்பை உண்டாக்கி முள்ளை நகர்த்திவிடுகிறது. ஒரு காலத்தில் காரின் விலைக்கு விற்ற துல்லியம் இன்று மாணவரின் கைக்கு எட்டியிருப்பது வியக்கத்தக்க நிகழ்வு. மலிவுக் கடிகாரத்தை இழிவாகப் பேசுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் வாசகர் இவ்வகையில் டைட்டனைத் தேர்வது பொருத்தமாகும். ஏனெனில் அந்நிறுவனம் 1984 இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கியது, அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது.

எண் காட்டும் வகைக்கு, 1989 முதல் விற்பனையில் இருக்கும் காசியோ எஃப்-91டபிள்யூ போதுமானது. 21 கிராம் எடையுள்ள இது ஒரே பற்றரியில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஓடுவதோடு, மாதத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகாது. இதன் போலிகள் ஏராளமாக உலவுவதால், வலப்புறப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்துத் திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றுகிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

இனி, எத்தாளைக்கே உரிய இடர் ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கற்பிட்டித் தீபகற்பம் ஒருபுறம் புத்தளம் களப்பாலும் மறுபுறம் கடலாலும் சூழப்பட்டிருப்பதால், அங்கு வீசும் காற்றில் எப்போதும் உப்பு கலந்திருக்கிறது. வியர்வையின் உப்பும் அதோடு சேரும்போது, மலிவுக் கடிகாரங்களின் கூடு விரைவில் அரிக்கப்படுகிறது. குறைந்த விலைக் கூடுகள் பல, பித்தளையின்மேல் குரோமியம் பூசப்பட்டவை. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று எழுதியிருந்தால், பின்மூடி மட்டுமே துருப்பிடிக்காத எஃகு என்பதே அதன் பொருள். முழுக் கூடும் அவ்வாறானது என்று நம்பி ஏமாறக் கூடாது. ‘30 மீற்றர்’ என்ற குறிப்பும் அவ்வளவு ஆழத்தில் நீந்தலாம் என்பதைக் குறிப்பதில்லை. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். களப்பில் இறங்குவோருக்கு 100 மீற்றர் குறிப்பாவது வேண்டும். அதுவும் குமிழ் முழுதாக உள்ளே அழுந்தியிருந்து, பின்மூடியின் ரப்பர் வளையம் கெடாமல் இருந்தால் மட்டுமே பயன் தரும். அத்தகைய கடிகாரத்தை உப்பு நீர் பட்ட உடனே நன்னீரில் கழுவித் துடைக்கலாம், பழைய எச்.எம்.டி.யையோ ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோல் வார் இக்காற்றில் விரைவில் மக்கிவிடும் என்பதால், நைலோன் வாரே ஏற்றது. ஓடாமல் வைத்திருக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றிவிடவும் வேண்டும். அது கசிந்தால் மின்சுற்று அழிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, கையிலுள்ள முழுத் தொகையையும் கொள்முதலில் செலவிடுவது பெருந்தவறு. பழைய இயந்திரக் கடிகாரத்தின் உள்ளே இடப்பட்ட எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்து பிசுபிசுத்துப் போவதால், டிக் ஒலி கேட்டாலும் உறுப்புகள் தேய்ந்துகொண்டே இருக்கும். கழற்றித் துடைத்து எண்ணெயிடும் கூலி சில வேளை கடிகாரத்தின் விலையையே மிஞ்சும். ஆகவே பாதித் தொகையைத் திருத்தத்துக்கென ஒதுக்கி வைப்பதே அறிவுடைய முறை. ஓடாத பத்துக் கடிகாரங்களை அடுக்கி வைப்பதைவிட, ஓடும் நான்கை முறைவைத்து அணிவதே மேல்.

கடிகாரம் திருத்தும் கைவினை தெரிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பலர் பற்றரி மாற்றுவதோடு நின்றுவிட்டனர். ஆகையால், முதல் கடிகாரத்துக்குப் பணம் சேருமுன்னரே, புத்தளம் நகரிலோ கொழும்புப் புறக்கோட்டையிலோ சமநிலைச் சக்கரத்தைக் கையால் எடுத்துப் பொருத்தத் தெரிந்த ஒரு மூத்த மணிக்கூடு திருத்துநரைத் தேடிச் சென்று, அவர் ஒரு கடிகாரத்தைத் திறந்து மூடும் வரை அருகில் அமர்ந்து பார்த்து, ஐயங்களைக் கேட்டுத் தெரிந்து வருக.