நசரேயன் யார்?

கேள்வி: மத்தேயு 2:23-இல் தீர்க்கதரிசிகள் உரைத்ததாக வரும் ‘நசரேயன்’, சிம்சோனைப் பற்றியதா? பழைய ஏற்பாட்டில் அப்படியொரு தீர்க்கதரிசனத்தை வேறெங்கும் காணோமே!
– வாசகர், கிள்ளான்

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம் நம் தமிழ் வேதாகமம்தான். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழ்ச் சபைகள் வாசிக்கும் பழைய திருப்புதலில், சிம்சோனின் விரதத்துக்கும் இயேசுவின் ஊர்ப்பெயருக்கும் ஒரே சொல். எபிரெயத்தில் அவை வேறு. விரதக்காரன் ‘நாசீர்’. அவன் திராட்சரசம் குடிக்கக் கூடாது, பிணத்தருகே போகக் கூடாது. இயேசுவோ திராட்சரசம் அருந்தினார், யவீருவின் இறந்த மகளைக் கைப்பிடித்து எழுப்பினார்.

ஆகவே இது சிம்சோனைப் பற்றியதல்ல; ஏசாயா 11:1-க்குப் போங்கள். ஈசாயின் வெட்டுண்ட அடிமரத்தின் வேர்களிலிருந்து எழும்பும் கிளைக்கு அங்கே ‘நேட்செர்’ என்று பெயர். அக்கால எபிரெயத்தில் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதுவார்கள்; அப்படி எழுதினால் ‘நேட்செர்’ மூன்றே எழுத்துகள். நாசரேத்தின் வேரிலும் அதே மூன்று எழுத்துகள்தாம். 1962-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டுத் துண்டும் அவ்வூரை அப்படியே எழுதுகிறது.

மத்தேயு இங்கே எந்தத் தீர்க்கதரிசியின் பெயரையும் சொல்லாமல், ‘தீர்க்கதரிசிகள்’ என்று பன்மையில் எழுதுவதைக் கவனியுங்கள். ஒரு வசனத்தை எடுத்துக்காட்டுவது அவர் நோக்கமல்ல என்றே நினைக்கிறேன். எரேமியா, சகரியா நூல்களிலும் தாவீதின் வம்சத்து ‘கிளை’ வருகிறது. அங்கே எபிரெயச் சொல் வேறு, எதிர்பார்ப்பு ஒன்றே. யாரும் மதிக்காத சிற்றூரின் பெயருக்குள் அந்தத் துளிரை மத்தேயு கேட்டார் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது. யூத அறிஞர்கள் இப்படி வாசிப்பதில்லை. அவர்கள் வாசிப்புக்கும் நெடிய மரபு உண்டு.