கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அறிந்திருக்க வேண்டியவை



நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். அகதியாக இங்கிலாந்துக்கு வந்தபின், உறவினர்களுக்கு வைத்தியசாலையில் மொழிபெயர்க்கும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. அப்படி அறிந்துகொண்ட ஒரு விடயத்தை இம்முறை பாடமாகத் தருகிறேன்.

என் அத்தானுக்கு 2011 இல் அடிநாக்கில் புற்றுநோய் கண்டது. ஏழு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுக் குணமானார். ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் இனி வரத் தேவையில்லை என்று வைத்தியர்கள் கூறினார்கள். அதன்பின் அந்த நோயின் பெயரை வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை.

2022 இல் ஒருநாள் காலை அவரது வலக்கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. பேச்சுக் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. “ஒண்டுமில்லை, நித்திரைக் குறைவு” என்றார். அக்காவும் அவரைப் படுக்கவிடத்தான் நினைத்தார். மருமகள் எவரையும் கேளாமல் 999 ஐ அழைத்தாள்.

வைத்தியசாலையில் முன்னைய நோய்களைப் பற்றி விசாரித்தபோது அக்கா பிரஷரை மட்டும் சொன்னார். புற்றுநோயை நான்தான் சொன்னேன். “அது முடிஞ்ச கதையெல்லோ” என்று என்னைக் கோபமாகப் பார்த்தார். முடிந்த கதை அல்ல. ஸ்கான் செய்தபோது இடப்பக்கக் கழுத்து நாடி 80 வீதம் ஒடுங்கியிருந்தது.

1. நடப்பது என்ன?

கழுத்தின் இருபுறமும் கரோட்டிட் எனப்படும் பெரிய நாடிக்குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கழுத்தின் மேற்பகுதியில் இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு ஆறு, ஏழு வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சுக் கொடுப்பது வழக்கம். அது புற்றுநோயை அழிக்கும்போது, அதே இடத்திலுள்ள நாடியின் உட்சுவரையும் தாக்குகிறது. சுவர் தழும்பேறித் தடிக்கிறது. கொழுப்பு விரைவாகப் படிகிறது. இது வெளியே தெரியவரப் பல ஆண்டுகள் செல்லும். வழமையான ஒடுக்கம் பெரும்பாலும் கிளை பிரியும் இடத்தில் வரும். கதிர்வீச்சால் வருவதோ நீளமாகவும், பல வேளைகளில் இரு பக்கங்களிலும் இருக்கும்.

நெதர்லாந்தில் 60 வயதுக்கு முன்னர் இச்சிகிச்சை பெற்ற 367 பேரை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட கணக்கு இது: அவர்களுள் 14 பேருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. அவ்வயதுப் பொதுமக்களில் எதிர்பார்க்கக்கூடியது இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே.

2. அறிகுறிகள்

முகம் ஒரு பக்கம் சரிதல், ஒரு கை அல்லது கால் பலமிழத்தல், விறைத்தல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைதல். சில நிமிடங்களில் மாறிவிட்டாலும் உடனே 999 ஐ அழையுங்கள். பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து அதையடுத்த சில நாட்களிலேயே மிக அதிகம்.

3. சிகிச்சைகள்

(அ) மருந்து: இது எல்லோருக்கும் அடிப்படை. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய குளிசைகள்.

(ஆ) சத்திரசிகிச்சை: நாடியைத் திறந்து படிவை அகற்றித் தைப்பது. கழுத்து நாடி ஒடுக்கத்துக்கான முன்னோடிச் சத்திரசிகிச்சைகளுள் ஒன்று 1954 இல் இலண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையில் நடந்தது. வட அமெரிக்காவில் 1991 இல் வெளிவந்த ஆய்வில், அறிகுறி கண்டு 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கியவர்களுள் மருந்து மட்டும் எடுத்தோரில் 26 வீதமானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சையும் பெற்றோரில் 9 வீதமானோருக்கே வந்தது. அறிகுறி கண்டு இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது.

(இ) ஸ்டென்ட்: தொடை இடுக்கு நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தைப் பலூனால் விரித்து உலோக வலைக்குழாயைப் பொருத்துவது. கழுத்தை வெட்டுவதில்லை.

கதிர்வீச்சுப் பட்ட கழுத்தில் தோலும் தசையும் இறுகியிருக்கும். வெட்டினால் புண் ஆறத் தாமதமாகலாம். குரலுக்கும் விழுங்குதலுக்கும் உரிய நரம்புகள் பாதிக்கப்படலாம். ஆகவே பலருக்கு ஸ்டென்ட் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஸ்டென்ட் வைத்த இடம் பின்னர் மீண்டும் ஒடுங்கும் வாய்ப்புச் சற்று அதிகம். இரண்டிலுமே சிகிச்சையின்போது பாரிசவாதம் வரும் சிறு ஆபத்து உண்டு.

“தம்பி, எதைச் செய்யிறது?” என்று அத்தான் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டுமே. ஆகவே வைத்தியரிடம் கேட்டேன்: “கதிர்வீச்சுப் பட்ட கழுத்துகளில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு வந்தது?” அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அத்தானின் கழுத்து மரக்கட்டைபோல் இறுகியிருந்ததால் ஸ்டென்ட் வைப்பதென முடிவாயிற்று. மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

4. நாம் செய்ய வேண்டியவை

• கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற ஆண்டு, இடம், அளவு ஆகியவை அடங்கிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த வைத்தியர் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

• சிகிச்சை பெற்றுச் சில ஆண்டுகள் கடந்திருந்தால், கழுத்து நாடிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தேவையா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். அதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

• புகைத்தலை விடுங்கள். பிரஷர், சீனி, கொழுப்பு ஆகியவற்றை அளந்து வாருங்கள்.

• வெற்றிலைத் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2003 இல் அறிவித்தது.

• தந்த குளிசைகளை, வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது மிக முக்கியம்.

அத்தான் இன்று நலமாக இருக்கிறார். ஆண்டுக்கொருமுறை ஸ்கானுக்குப் போகிறார். நோயை மறைப்பதை நாம் கௌரவம் என்று எண்ணுகிறோம். அன்று அதைச் சொல்லியதால்தான் வைத்தியர்கள் அவரது கழுத்தில் என்ன நடந்தது என்று விளங்கிக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருந்தால், இப்பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.