மலையிலும் சைக்கிள் உதவும்: பிரேக்கைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்



2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்க முடியாது. பெட்ரோல் ஷெட்டில் ராப்பகலாக வரிசை. பஸ் ஓடவில்லை, ஆட்டோ கிடைக்கவில்லை. எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களைக்கூட மூட வேண்டி வந்தது. அப்போது நாடெங்கும் சனங்கள் சைக்கிளைத் தேடினார்கள். சைக்கிள் விலை எகிறியது. பழைய சைக்கிளை வீட்டு மூலையில் போட்டு வைத்திருந்தவர்கள் தூசி தட்டி எடுத்தார்கள்.

"அதெல்லாம் கொழும்புக்குச் சரிங்க. நம்ம மலையில சைக்கிள் எப்படி ஓட்டுறது?" என்று லயத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மஸ்கெலியாவில் ஏத்தம், இறக்கம், முடக்கு, மழை எல்லாம் உண்டு. அதற்காக ஒதுக்கிவிட வேண்டுமா? பிற இடத்து மக்கள் செய்ததை முதலில் பார்ப்போம்.

1990இலிருந்து பல வருஷங்கள் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போகத் தடை இருந்தது. கரண்டும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு எல்லாம் சைக்கிள்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி அந்தக் கரண்டில் ரேடியோ செய்தி கேட்டார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை. நம்மில் சிலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த சீமை அது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்பு நடத்தியது. கூடவே பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கம் கொடுத்தார். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார். வயல் வேலை, கல் குவாரி வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆண்பிள்ளையை எதிர்பார்த்து இருந்த நிலை மாறியது. மகள் தூரத்துப் பள்ளிக்கு நடந்து போக வேண்டுமே என்று படிப்பை நிறுத்த நினைக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

அவை சமதரை ஊர்கள், நம்முடையது மலை. அதனால் நமக்கு மூன்று பாடங்கள் வேண்டும்.

1. ஏத்தத்தில் தள்ளுவது வெட்கமில்லை. சைக்கிள் என்றால் எப்போதும் ஏறி மிதிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. டவுனிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தால் கழுத்தும் இடுப்பும் என்ன பாடுபடும் என்று நம் தாய்மாருக்குத் தெரியும். அதே மூட்டையைக் கெரியரில் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தால் பாரம் சைக்கிளில், நாம் கைப்பிடியில். நீர்த்தேக்கத்துக் கரையை ஒட்டிய ரோட்டில் வாட்டமான இடத்தில் ஏறி ஓட்டலாம், ஏத்தத்தில் இறங்கித் தள்ளலாம்.

கியர் இல்லாத சைக்கிளுக்குப் பின்னால் பல்லு கூடின ப்ரீவீல் போடுங்கள். 18 பல்லுக்குப் பதிலாக 22 பல்லு போட்டால் மிதிக்கும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகமும் அந்த அளவு குறையும். நமக்கு வேகம் முக்கியமில்லை. செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். சைக்கிள் பாஸ் செய்து தருவார்.

2. இறக்கத்தில் பிரேக்தான் உயிர். எங்கள் டிவிஷனில் ஒரு பையன் மழையில் இறக்கத்தில் வந்து, முடக்கில் பிரேக் பிடிக்காமல் கானுக்குள் விழுந்து கை உடைத்துக்கொண்டான். இறப்பர் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்திருந்தது. புதுக் கட்டை வாங்க ஆகும் செலவு மருத்துவச் செலவுக்கு முன்னால் தூசு. ஆகவே:

- தினமும் ஏறுமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். கட்டை தேய்ந்திருந்தால், வயர் பிரிந்திருந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள்.
- ரிம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. முடக்குக்கு வெகுதூரம் முன்பே இலேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.
- முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகீழாக விழுவீர்கள். இரண்டையும் சேர்த்து, மெதுவாகப் பிடியுங்கள்.
- நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறும். நடுவில் நிறுத்தி ஆற விடுங்கள்.
- பாரம் ஏற்றியிருந்தால், செங்குத்தான இறக்கத்தில் ஓட்ட வேண்டாம். பிரேக்கைப் பிடித்தபடி நடத்தியே கொண்டு வாருங்கள்.

3. மழையிலிருந்து காப்பாற்றுங்கள். நம்மூர் மழைக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். நனைந்து வந்ததும் பழைய துணியால் துடையுங்கள். செயின் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்குக் கழுவ மட்டும்தான். அது செயினுக்கு எண்ணெய் ஆகாது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. பஞ்சர் ஒட்டும் சொலூஷனும் ஒரு பம்பும் லயத்துக்கு ஒன்று இருந்தால் போதும். பையனுக்கு மட்டுமில்லை, பெண்பிள்ளைக்கும் பஞ்சர் ஒட்டச் சொல்லிக் கொடுங்கள். இருட்டில் முன்னே வெளிச்சமும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் ரோட்டுக்கு வராதீர்கள்.

ஒரு குடும்பத்தால் வாங்க முடியாவிட்டால் இரண்டு மூன்று வீடு சீட்டுப் பிடித்து ஒன்று வாங்கலாம். காலையில் பிள்ளைக்குப் பள்ளி, மாலையில் கடைச் சாமான் என்று முறை வைக்கலாம். யார் துடைப்பது, பழுதானால் யார் செலவு செய்வது என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பின்னால் மனத்தாங்கல் வராது.

இந்த ஞாயிறு வேலை முடிந்ததும் உங்கள் லயத்தில் மூலையில் கிடக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள். பிரேக்கை முதலில் பாருங்கள், பிறகு டயரை, பிறகு செயினை. சின்னப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அவர்கள் பார்த்துப் பழகியது நாளைக்கு அவர்களைக் காப்பாற்றும்.