சாலைக்கு ஒரு வண்டி, தடத்துக்கு ஒரு வண்டி

முன்னுரை

"நல்ல கார் எது?" என்று நம் வகுப்பில் கேட்டால் பத்துப் பேர் பத்து விடை கூறுவர். விடை கூறுமுன் "எந்தப் பயணத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பவர் ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே. மோட்டார் வண்டியின் மீது ஆர்வம் கொண்ட இளைஞர்களுக்கு முதற்பாடமாக அமைய வேண்டியது அந்த எதிர்க்கேள்விதான். சாலையில் ஓடும் வண்டிக்கு உரிய நற்பண்புகள் வேறு. பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு உரியவை வேறு. ஒன்றில் சிறப்பாக இருப்பது மற்றொன்றில் உயிருக்கே உலை வைக்கலாம். இதனை நாம் படிக்கும் இயற்பியலின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடசென்னையும் மோட்டார்த் தொழிலும்

இப்பொருள் நமக்கு அயலானதன்று. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 1949 முதல் ஆஸ்டின் ஏ-40 கார்களை உருவாக்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, பேருந்துக்கும் லாரிக்கும் உரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. எண்ணூரில் கார் உருவான கதையைப் பலர் மறந்துவிட்டனர். பின்னாளில் இந்தியச் சாலைகளை நிறைத்த அம்பாசடர் காரின் 1489 சி.சி. எஞ்சின், அந்த ஆஸ்டின் ஏ-40 எஞ்சினின் வழித்தோன்றல் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1960-களில் டயர் தயாரிப்பில் இறங்கியது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டிகள் அதே திருவொற்றியூரிலிருந்துதான் நாடெங்கும் சென்றன. மணலியின் சுத்திகரிப்பாலை 1969 முதல் பெட்ரோல் தருகிறது. 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து, இன்று காமராசர் துறைமுகம் என்ற பெயருடன், கார்கள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. எஞ்சின், டயர், எரிபொருள், ஏற்றுமதி ஆகிய நான்கும் ஒரே கடற்கரையில் அமைந்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

சோழவரம் கற்பித்தது

செங்குன்றத்துக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்த அந்த ஓடுதளம், 1950-களில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் முயற்சியால் பந்தயத் தடமாயிற்று. 1980-களின் இறுதி வரை கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் அங்கு நடைபெற்றன. 1990 முதல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், கிளப் தானே அமைத்த சுமார் 3.7 கிலோமீட்டர் தடத்துக்கு அவை இடம் மாறின.

சோழவரப் பந்தயங்களின் காலம், புதிய கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். அயல்நாட்டுப் பாகங்களுக்கோ கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு. ஆதலின் பந்தயக்காரர்கள் வீட்டுக்கு வாங்கிய ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, லேத்துப் பட்டறையில் பாகம் கடைந்து, புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி எடுத்துப் பூட்டி ஓட்டினர். பணம் படைத்தோர் பெயர்களே செய்தித்தாளில் வந்தன. எனினும் அவர்களுடைய வண்டிகளை ஓடவைத்தவை பட்டறைக்காரர்களின் கைகளே. அக்காலத்தில் தாமே பந்தய வண்டிகளை வடிவமைத்த கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் ஒரு பந்தய வண்டி வகையையே படைத்தார். அந்த வகை வண்டியில் தொடக்கப் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

அக்கால வண்டிகள் மூன்றினை ஒப்பிட்டால் தேர்ந்தெடுக்கும் முறை விளங்கும்.

அம்பாசடர் கனமானது. பின்புறத்தில் பட்டைச் சுருள் எனப்படும் லீஃப் ஸ்பிரிங், உறுதியான உடல். குழிகள் நிறைந்த சாலையில் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்ல ஏற்றது. திருப்பத்தில் அதன் எடையே அதற்குப் பகை.

1089 சி.சி. எஞ்சின் கொண்ட ஃபியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. அம்பாசடரைவிட இலேசானது, எஞ்சின் துடிப்பானது. எனவே பந்தயக்காரர் பலர் இதனையே விரும்பினர். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்தமையால், அடுத்தடுத்து அழுத்தும்போது சூடேறிப் பிடிப்புக் குறையும் என்பது இதன் குறை.

சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பாகம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். பட்டறைக்காரருக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. ஆனால் அதன் பின் அச்சு ஊசலாடும் அமைப்புடையது. வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் திடுமென ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கி வண்டியின் பின்பகுதி வீசிவிடும். அந்தக் குணத்தை அறிந்தவனுக்கு அது நல்ல வண்டி; அறியாதவனுக்கு ஆபத்தான வண்டி.

இம்மூன்றில் சிறந்தது எது என்பதற்குத் தனி விடை இல்லை. சாலை, சுமை, ஓட்டுபவன் ஆகிய மூன்றையும் சொன்னால்தான் விடை பிறக்கும். இன்றைய வண்டிகளுக்கும் இதுவே விதி.

பேணுதல்

வண்டியை மாற்றியமைக்க விரும்புவோர் முதலில் அதைப் பேணக் கற்க வேண்டும். நம் பகுதியில் இது இருமடங்கு தேவை. கடற்காற்றிலுள்ள உப்பு, ஈரத்தில் கரைந்து மின்பகுளியாகி இரும்பை அரிக்கிறது. மட்கார்டின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, பிரேக் குழாய் ஆகிய கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே துரு முதலில் பிடிக்கிறது. மேற்பகுதியைப் பளபளப்பாகத் துடைப்பதைவிட, அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுவது மேலானது. சாலைத் தூசியும் நிலக்கரிப் பொடியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைப்பதால், குறிப்பேட்டில் கண்ட காலத்துக்கு முன்பே அதைப் பார்க்க வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். சூட்டில் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதை மாற்றுதல் நன்று.

பழைய வண்டி வைத்திருப்போர்க்கு மேலும் ஒரு செய்தி. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய இரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறி வெடிக்கக் கூடும். எரிபொருள் கசிவு தீயில் முடியும். ஆகவே அக்குழாய்களை முதலில் மாற்ற வேண்டும்.

மாற்றியமைத்தல்

ஆர்வலர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் கைவைக்கத் தொடங்குகின்றனர். திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் விடுமுறை நாட்களில் நின்று கவனித்தபோது, அங்கிருந்த மூத்த மேஸ்திரி சொல்லும் வரிசை நேர்மாறாக இருந்தது. "முதல்ல டயர், அடுத்தது பிரேக், அப்புறம் ஷாக் அப்சார்பர். எஞ்சின் கடைசி தம்பி. நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓடத் தெரிஞ்சு என்ன புண்ணியம்?" என்பார். இயற்பியலும் அவர் பக்கமே நிற்கிறது. வண்டி தரையைத் தொடுவது, ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடத்தில் மட்டுமே. முடுக்குவதும், திருப்புவதும், நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான்.

எஞ்சின் மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1089 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 272 சி.சி. எரியறை 40 சி.சி. என வைத்துக்கொண்டால், அழுத்த விகிதம் 312-ஐ 40-ஆல் வகுக்க வரும் 7.8. ஹெட்டை இழைத்து எரியறையை 34 சி.சி. ஆக்கினால் விகிதம் 306-ஐ 34-ஆல் வகுக்க 9 ஆகும். அதே பெட்ரோலில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். ஆனால் அழுத்தம் மிகுந்தால் கலவையின் ஒரு பகுதி, சுடர் வந்து சேருமுன் தானே வெடிக்கும். அந்த 'டக்டக்' ஓசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். சைலன்சரைக் கழற்றுவதால் மட்டும் ஆற்றல் பிறந்துவிடாது. ஓசை கூடியதை வேகம் கூடியதாக எண்ணுவது செவியின் மயக்கமே.

ஒவ்வொரு மாற்றமும் ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் கொடுக்கிறது. பந்தயக் கேம்ஷாஃப்ட் உயர் சுழற்சியில் ஆற்றல் தரும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் திணறும். பந்தய பிரேக் லைனிங் சூடேறிய பின்பே நன்கு பிடிக்கும். குளிர்ந்த நிலையில், தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடிவரும்போது, சாதாரண லைனிங்கைவிட மோசமாகப் பிடிக்கும். பள்ளமான சாலையில் விறைப்பான ஸ்பிரிங், சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிவிடும். எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. வரியில்லாத பந்தய டயர் மழைநீரில் மிதக்கும். தடத்தில் வெற்றி தருபவையே சாலையில் விபத்தைத் தருவது இவ்வாறுதான்.

ஒரு சிறு கணக்கு

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலையின் உராய்வுக் குணகம் 0.7 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் உலர்ந்த சாலையில் பிரேக் தூரம் 9 மீட்டர்; 80 கிலோமீட்டரில் 36 மீட்டர். நனைந்த சாலையில் அவை முறையே 16, 63 மீட்டர். கண் கண்டதைக் கால் செய்ய ஒரு விநாடி ஆகுமெனில், முதல் வேகத்துக்கு 11 மீட்டரும் இரண்டாவதற்கு 22 மீட்டரும் சேர்க்க வேண்டும். ஆக, 40-இல் உலர்ந்த சாலையில் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 80-இல் மழைச்சாலையில் 85 மீட்டர் சென்றே நிற்கும்.

இதை நம் ஊர் அளவில் சொல்வதானால், துறைமுகச் சாலையில் செல்லும் நாற்பதடிக் கண்டெய்னர் பெட்டி ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடையது. முதல் வண்டி இரண்டு பெட்டி தூரத்துக்குள் நின்றுவிடும். இரண்டாவது வண்டிக்கு ஏழு பெட்டிகளை வரிசையாக வைத்த தூரம் வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில், விளக்கில்லாத டிரெய்லர் ஒன்று ஓரத்தில் நிற்கும் இரவில், அந்தத் தூரம் எவருக்குக் கிடைக்கும்?

தடமும் சட்டமும்

இருங்காட்டுக்கோட்டையில் வண்டி தடத்துக்குள் நுழையுமுன் பரிசோதிக்கப்படுகிறது. தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் கட்டாயம். எதிரே வண்டி வராது. குறுக்கே மனிதர் வரார். தவறினால் சறுக்கி நிற்க வெற்றிடம் உண்டு; கொடி காட்டுவோரும் ஆம்புலன்சும் காத்திருப்பர். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது, சாலையை மூடித் தடுப்புச் சுவரெழுப்பி, அதைத் தடமாக மாற்றிய பின்னரே வண்டிகள் ஓடின.

பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தண்டத்துக்கு அஞ்சி மட்டும் இவற்றை மதிக்க வேண்டியதில்லை. நம் தெருச் சுவர்களில் ஒட்டப்படும் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டிகளில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரிக்கும் இருபது வயது முகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுள் கைத்திறன் மிக்க பட்டறைப் பையன்களும் இருந்தனர். அவர்களுக்குக் குறைவாக இருந்தது துணிவன்று, தடம்தான்.

முடிவுரை

டயரும் எஞ்சினும் பிறந்த இக்கடற்கரையின் பிள்ளைகளுக்கு, மோட்டார் விளையாட்டு இன்னும் எட்டாத செல்வர் விளையாட்டாகவே இருக்கிறது. இந்நிலை மாற நாம் செய்யத்தக்கது சிறிதாயினும் உண்டு. நம் இயற்பியல் துறை, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களையும் பட்டறை மேஸ்திரிகளையும் அழைத்து, மாதம் ஒருமுறை ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வகுப்பை நடத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறை பந்தயத் தடத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லலாம். வேகத்தின் மீதுள்ள ஆசையைத் திட்டித் தீர்க்க இயலாது; அதற்குரிய இடத்தையும் அறிவையும் காட்டினால் அது தானே நெறிப்படும். ஆசிரியப் பெருமக்கள் இக்கருத்தினைப் பரிசீலிக்க வேண்டுமென்பது என் பணிவான வேண்டுகோள்.