கடைசி நொடியை மட்டும் எழுதாதே



தம்பி, காப்பீட்டு சர்வேயர் உரிமம் கைக்கு வந்த சூட்டோடு நீ அனுப்பியிருக்கும் கேள்வி லேசானதல்ல. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் பயணிகளோடு ஒரு பஸ், பக்கத்தில் இரண்டு பைக்குகள். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, மலையை ஒட்டிய மண்மேட்டில் வண்டியைக் கொண்டுபோய் மோதியிருக்கிறார். பஸ்ஸில் இருந்த யாருக்கும் கீறல்கூட இல்லை. லாரியின் கேபின் நசுங்கிவிட்டது. அவருக்குக் கால் முறிந்துவிட்டது. நீ விசாரித்தபோது, "வேணும்னேதாங்க மேட்டுல விட்டேன். இல்லாட்டி பஸ்ஸுக்குள்ள போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்த காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி கேட்கிறார்: வேண்டுமென்றே மோதினால் அது எப்படி விபத்தாகும்? ஓட்டுநர்மேல்தான் தவறு என்று எழுதிவிடலாமே?

எழுதிவிடாதே. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் மற்றவர்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அவர் சொன்னதை நீ மாற்றாமல் பதிந்தது சரி. "நாய் குறுக்கே வந்துச்சுன்னு சொல்லிடு" என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்க இந்தத் தொழிலைச் சுற்றி எப்போதும் ஆள் உண்டு. டாஷ் கேமராவோ டோல்கேட் பதிவோ அந்தப் பொய்யை உடைத்துவிட்டால், நியாயமான கிளெய்மும் பொய்த்தகவல் என்ற பெயரில் போய்விடும். இந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த உண்மையே அவரைத் தண்டிக்கும்படி நம் அறிக்கை அமைந்துவிடக் கூடாது. அவர் சொன்னது நடந்ததன் கடைசி வரி மட்டுமே. அதற்கு முந்திய வரிகளைத் தேடி எழுதுவதற்குத்தான் நாம் ஸ்பாட்டுக்குப் போகிறோம்.

விபத்து எப்போது நடந்தது என்று யோசி. பெடலை மிதித்தும் வண்டி நிற்காத கணத்திலேயே அது தொடங்கிவிட்டது. அதன்பிறகு மோதலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நிலையில் அவர் இல்லை. எதன்மேல் மோதுவது என்பது மட்டுமே அவர் கையில் இருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிடுகிறவனுக்கு, மோதாமல் இருக்கும் வழி கடைசிவரை திறந்திருக்கிறது. இவருக்கு அது மூடிவிட்டது. அறிக்கையில் இந்த இரண்டு கணங்களையும் தனித்தனிப் பத்தியாக எழுது: பிரேக் போனது ஒன்று, ஸ்டியரிங்கைத் திருப்பியது இன்னொன்று.

வலப்பக்கம் திருப்பியிருக்கலாமே, கியரைக் குறைத்திருக்கலாமே என்று ஆபீஸ் மேஜையில் இருந்து கேட்பார்கள். 1816-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஜோன்ஸ் எதிர் பாய்ஸ் வழக்கைப் படி. கடிவாளம் தொடர்பான வார் அறுந்த குதிரை வண்டியிலிருந்து ஒரு பயணி பயந்து குதித்தார், கால் முறிந்தது. வண்டி கவிழவில்லை, அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அவருக்கு இழப்பீடு கிடைத்தது. ஆபத்தில் தள்ளப்பட்டவன் அந்த நொடியில் எடுத்த முடிவைப் பிறகு சாவகாசமாக அளக்கக் கூடாது என்ற நெறி அங்கிருந்து வருகிறது. நம் நீதிமன்றங்களும் அதை ஏற்கின்றன.

இனி பாலிசிக்கு வருவோம். ஓன் டேமேஜ் பிரிவு, விபத்தாக வெளிப்பொருளால் நேரும் சேதத்தை ஏற்கிறது. தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்குகிறது. ஆகவே கெட்டுப்போன லைனிங், டிரம் ஆகியவற்றை எஸ்டிமேட்டிலிருந்து நீ கழிக்கலாம். கேபினும் ரேடியேட்டரும் சேஸிஸும் மோதலில் போனவை. அவற்றில் கை வைக்காதே.

அந்த மேட்டின் இடத்தில் ஒரு டீக்கடை இருந்திருந்தால் என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரர் எந்தத் தவறும் செய்யாதவர். பஸ்ஸைக் காப்பாற்றிய செலவை அவர் தலையில் கட்ட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு தேர்டு பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லி விலகலாம் என்று 150-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது: உரிமம் இல்லாத ஓட்டுநர், குடிபோதை, பெர்மிட் மீறல், பந்தயம் என்று போகும். பிறரைக் காக்க வேண்டுமென்றே மோதினார் என்பது அதில் இல்லை. கடையின் சேதத்துக்கு லாரி பாலிசி வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கும். ஆள் இறந்திருந்தால் 164-ஆம் பிரிவின்படி, யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை மனத்தில் வைத்துக்கொள். 2001-இல் கௌஷ்னுமா பேகம் வழக்கு: டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் நடந்துபோனவர்மேல் மோதி அவர் இறந்தார். ஓட்டுநரிடம் கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்றது. அதற்கு முந்திய ஆண்டு ரீட்டா தேவி வழக்கு: ஆட்டோவைப் பறிக்க வந்தவர்கள் ஓட்டுநரைக் கொன்றார்கள். கொலை திட்டமிட்ட செயல்தான். ஆனால் கொலையே அவர்கள் நோக்கமல்ல, வண்டியைத் திருடுவதுதான் நோக்கம் என்பதால், அதை வாகனப் பயன்பாட்டில் நேர்ந்த விபத்தாகவே நீதிமன்றம் கொண்டது. ஒரு செயலில் வேண்டுமென்றே என்ற அம்சம் இருப்பதாலேயே அது விபத்து இல்லை என்றாகிவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று உனக்கு வேண்டாம்.

குற்றவியல் சட்டமும் இந்த ஓட்டுநரை முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 19. அதிலுள்ள உதாரணத்தில் ஒரு கப்பல் கேப்டன் வருகிறார். நேரே போனால் இருபது முப்பது பேர் உள்ள படகில் மோதுவார். திருப்பினால் இரண்டு பேர் உள்ள படகில் மோதும் அபாயம் உண்டு. மோதும் எண்ணமில்லாமல், பெரிய படகைக் காக்க நல்லெண்ணத்தோடு திருப்பினால் அவர் குற்றவாளி அல்ல. ஆனால் அந்த உதாரணம் ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது: தன் தவறோ கவனக்குறைவோ இல்லாமல் அவர் அந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

உன் வேலையின் கடினமான பகுதி இங்கேதான். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவது ஊரறிந்த பழக்கம். இன்ஜின் இழுத்துப்பிடிப்பது நின்றுவிடும். மொத்தப் பாரமும் பிரேக்மேல் விழும். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். உன் ஓட்டுநர் அப்படி வந்தாரா? கியர் லீவர் எந்த நிலையில் இருந்தது, டிரம் நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் கண்ணாடிபோல் மின்னுகிறதா, ஏர் குழாயில் கசிவு உண்டா, எடைச்சீட்டு ஆர்.சி.யில் உள்ள அளவுக்குள் இருக்கிறதா என்று பார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இயந்திரக் கோளாறு இல்லை என்ற வரி பல நேரம் பழக்கத்தில் விழுவது. அதை மட்டும் நம்பிவிடாதே. பிரேக் ஃபெயிலியர் என்று சொன்னால் மட்டும் உரிமையாளரும் தப்ப முடியாது. தக்க பராமரிப்பிலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று அவர் காட்ட வேண்டும். 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

நியூட்ரலில்தான் வந்தார் என்று தெரிந்தால் மறைக்காதே. ஸ்டியரிங்கைத் திருப்பிய நல்ல செயல், இறக்கத்தில் செய்த தவறை அழிக்காது. அதேபோல் அந்தத் தவறு, திருப்பிய செயலைக் குற்றமாக்காது. அப்போதும் சேதத்துக்கான கிளெய்ம் தானாகச் செத்துவிடாது. மனிதர்களின் கவனக்குறைவுக்கும் சேர்த்துத்தானே கம்பெனி பிரீமியம் வாங்குகிறது? வண்டியைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையை உரிமையாளர் தெரிந்தே மீறினாரா என்பதே அங்கே கேள்வி.

ஓட்டுநரின் காலை யாரும் கேட்கவில்லை, நீயும் ஒரே வரியில் கடந்துவிட்டாய். தவறு தன்னுடையது என்று முடிவானால் 166-ஆம் பிரிவில் அவரால் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் வேலையில் அடிபட்ட தொழிலாளி என்ற முறையில், 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் திறந்த வழியில் அவர் போகலாம். சாதாரணக் கவனக்குறைவு அந்த வழியை அடைக்காது. 2012-இல் பரம் பால் சிங் வழக்கில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிவந்து, உடம்பு முடியாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மயங்கி இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது. அங்கே மோதலே இல்லை. மருத்துவமனைக்குப் போனால் இதை அவரிடம் சொல்லிவிட்டு வா. அது நம் வேலை இல்லை என்பார்கள். சொல்.

மோதாமல் இருக்கும் வழி உண்மையிலேயே திறந்திருந்தும் ஒருவர் மோதினால்? 2017 பிப்ரவரியில் ஜெர்மனியில், மியூனிக் அருகே ஏ9 நெடுஞ்சாலையில் அது நடந்தது. ஒரு காரின் ஓட்டுநர் மயங்கிவிட்டார்; கார் தடுப்பில் உரசியபடி போய்க்கொண்டிருந்தது. டெஸ்லாவில் வந்த ஒருவர் முன்னால் போய், மெதுவாகப் பிரேக் போட்டு, அந்தக் காரைத் தன் வண்டியின் பின்புறத்தில் வாங்கி நிறுத்தினார். டெஸ்லா கம்பெனி இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுக்க முன்வந்தது. அப்படிப்பட்ட தாராளம் கிடைக்காத ஊரில் இது கடினமான கிளெய்ம்தான். இப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தால், உயிரைக் காக்கத் தன் வண்டியைக் கொடுத்தவரிடம் மோசடி நோக்கம் இல்லை, கம்பெனி ஏற்க வேண்டும் என்று பரிந்துரைப்பேன்.

ஒரு அநியாயம் மட்டும் நம் அறிக்கையால் தீராது. கிளெய்ம் பாஸானாலும், அடுத்த ஆண்டு உரிமையாளருக்கு 20 முதல் 50 சதவீதம் வரையான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். யாருடைய தவறு என்று அந்த விதி பார்ப்பதில்லை. பெரிய சேதத்தைச் சிறிய சேதமாக மாற்றியவருக்கு அந்தப் போனஸை விட்டுக்கொடுக்கக் கம்பெனிகள் முன்வர வேண்டும். பஸ்ஸில் மோதியிருந்தால் எத்தனை கோடி கொடுத்திருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

இப்போது உன் கோப்புக்கு. நாளைக்கே பட்டறைக்குப் போய் நான்கு டிரம்களையும் கழற்றச் சொல். பஸ் ஓட்டுநரிடமும் பைக்கில் வந்தவர்களிடமும் வாக்குமூலம் வாங்கு. நேரவரிசைப்படி ஒரு துணை அறிக்கை எழுதி, உரிமையாளர் பாலிசி நிபந்தனையைத் தெரிந்தே மீறவில்லை என்றால், சேதம் விபத்தால் நேர்ந்தது, கிளெய்ம் ஏற்கத்தக்கது என்று முடி. உன் அறிக்கை கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த ஓட்டுநர் என்ன செய்தார் என்பதை முழுதாகச் சொல்லும் காகிதம் அந்தக் கோப்பில் உன்னுடையது ஒன்றுதான். தாமதிக்காமல் அனுப்பு.