சிறுநீர்ப்பை அகற்றிய பின் சிறுநீரகத்தையும் கவனியுங்கள்

நமது மருத்துவ உதவி நிதிக்கு வரும் மனுக்களில் ஆபரேஷன் செலவுக்காக வருபவையே அதிகம். நோயாளி நலமாக வீடு திரும்பியதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி நாமும் ஃபைலை மூடிவிடுகிறோம். அது போதாது என்பதை நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் விஷயத்தில் தெரிந்துகொண்டோம்.

சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததால் அவருக்கு அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். (இந்நோய்க்கு முக்கியக் காரணம் பீடியும் சிகரெட்டும். எத்தனை தடவை எழுதினாலும் நம் தெருமுனைக் கடையில் புகை குறைந்தபாடில்லை.) வயிற்றில் ஒட்டிய பையில் சிறுநீர் ஒழுங்காக இறங்கியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன், ஸ்கேனுக்கு வேற எதுக்குக் காசு?" என்று இருந்துவிட்டார். ஒன்பது மாதம் கழித்துக் குளிர்காய்ச்சலோடு கொண்டுபோனபோது, அவருடைய இடது சிறுநீரகம் வீங்கி, பெரும்பாலும் செயலிழந்திருந்தது.

பைதான் நிரம்பியதே, பிறகு எப்படி? சிறுகுடலில் சுமார் 15 செ.மீ. துண்டைப் பிரித்தெடுத்து, இரு சிறுநீரகங்களிலிருந்தும் வரும் குழாய்களை அதில் தைத்து, அதன் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். 1950இல் அமெரிக்க மருத்துவர் பிரிக்கர் விவரித்த இந்த முறைதான் இன்றும் பரவலாக உள்ளது. தையல் போட்ட இடத்தில் தழும்பு விழுந்து, குழாய் மெல்ல மெல்லச் சுருங்கிவிடலாம். இடப்பக்கக் குழாயைக் குடலுக்குப் பின்னால் நுழைத்து வலப்பக்கம் கொண்டுவர வேண்டியிருப்பதால், அந்தப் பக்கமே அடைப்பு அதிகம். ஒன்று அடைத்தாலும் மற்றது பையை நிரப்பிவிடும். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின்கூட நார்மலாகவே காட்டலாம். மெதுவாக ஏற்படும் அடைப்பில் வலியும் தெரியாது. வயிற்று ஸ்கேனில்தான் வீக்கம் தெரியவரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் முதுகுப்பக்கம் டியூப் போட்டுச் சிறுநீரை வடித்து, பிறகு அடைப்பைச் சரிசெய்து சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழி உண்டு. ஆகவே டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் காரணம் வேறு. இரத்த இழப்பு, இரத்த அழுத்தம் இறங்குதல், கிருமித்தொற்று ஆகியவற்றால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். வீட்டுக்கு வந்தபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தாலும் அதே ஆபத்துதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி.க்கும் குறைவாக ஆறு மணி நேரம் சிறுநீர் இறங்கினால் மருத்துவர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். பையில் அளவுக்கோடு இருக்கும். பார்த்துக் குறித்து வையுங்கள். குளிர்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழுகைக்கு இடையில் பை நிரம்பிவிடுமோ, உளூ நிற்குமோ என்று அஞ்சி, சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். ஜும்ஆ நாளில் காலையிலிருந்து ஒரு மிடறுகூடக் குடிக்காதவரை நாமே பார்த்திருக்கிறோம். சிறுநீர் நிற்காமல் வரும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நேரம் வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். விவரத்தை நம் இமாமிடம் கேளுங்கள். தண்ணீர் குறைந்தால் அடி விழுவது சிறுநீரகத்துக்குத்தான். ரமளான் நோன்பைப் பற்றியும் டாக்டரைக் கேட்காமல் தாமாக முடிவெடுக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் செலவுக்கும் இனி மனு கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்தால் போதும். பெரியவர் இப்போது வலது சிறுநீரகத்தை நம்பி இருக்கிறார். அவருடைய அடுத்த ஸ்கேன் தேதியை நமது அலுவலகக் காலண்டரிலும் குறித்து வைத்திருக்கிறோம்.