ஸ்க்ரூவைத் திருகினால் பெட்ரோல் நிற்குமா?

பழைய பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் இதே கதைதான். "கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆச்சு சார், மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டாச்சு, இப்போ பரவாயில்லை." பரவாயில்லையாவது! ஒரே வாரத்தில் பிளக் கரிபிடித்து, பானெட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் நாற்றம் அடிக்கும்.

சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ ஐட்லிங் கலவையை மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறது. எஞ்சின் ஓடி, த்ராட்டிலுக்குக் கீழே உறிஞ்சல் இருந்தால்தான் அதற்கு வேலையே. ஓவர்ஃப்ளோவோ அதற்கு முன்பே, ஃப்ளோட் சேம்பரில் ஆரம்பித்துவிடுகிறது. பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மேலே வந்து நீடில் வால்வை மூட வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் பந்து வால்வு மாதிரி. பந்தில் ஓட்டை விழுந்து தொட்டி வழியும்போது குளியலறைக் குழாயை இறுக்கி என்ன பயன்?

நம்பாதவர்கள் எஞ்சின் ஆறியபின் ஏர் ஃபில்ட்டரைக் கழற்றுங்கள். பெட்ரோல் பம்பில் கைலீவர் இருந்தால் அதை அடித்துச் சேம்பரை நிரப்புங்கள். (லீவர் பிடிப்பில்லாமல் ஆடினால் எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.) பிறகு டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். எஞ்சின் நின்றபடியே இருக்க, நடுக்குழாயின் நுனியில் பெட்ரோல் சொட்டினால் வால்வு மூடவில்லை. ஸ்க்ரூவை முழுக்க இறுக்கினாலும் அந்தச் சொட்டு நிற்காது.

ஏன் மூடவில்லை? நீடிலின் கூம்பு முனையில் தேய்ந்த வளையம் இருக்கலாம். நகத்தால் வருடினால் தட்டுப்படும். சீட்டில் துருத்தூள் மாட்டியிருக்கலாம். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டைதான். வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடத்தில் தெரிந்துவிடும். உள்ளே போன பெட்ரோலைச் சொட்டு விடாமல் வெளியேற்றும்வரை பற்றவைக்கும் சூட்டருகே கொண்டுபோகாதீர்கள். ஈயத்தையும் அப்பிவிடாதீர்கள். கனம் கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், மறுபடி வழியும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், வழிகிற பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கிச் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடுகிறது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். 1489 சிசி அம்பாசிடரிலோ கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கொதிக்கும் இரும்பின்மேல் பெட்ரோல் சொட்டுவதை "கொஞ்சம் ரிச்சா ஓடுது" என்று சொல்லிக்கொண்டு ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பிளக் நனைந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து எடுக்கலாம் என்பது தவறு. பம்ப் உள்ள சோலெக்ஸில் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீய்ச்சும். அந்தப் பம்பே இல்லாத எஸ்யூ கார்புரேட்டரில் கால்தான் வலிக்கும். சோக்கு முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, பெடலை அடிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைப் போடுங்கள். வெயிலில் ஓட்டிவந்து டீ குடிக்க நிறுத்தியபின் வரும் முரண்டுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். அது சேம்பரில் பெட்ரோல் கொதித்துப் பொங்குவது, வால்வு கெட்டதல்ல.

ஸ்பேனரின் பிடியால் சேம்பரைத் தட்டுவது பாதி உண்மை: சிக்கிய நீடில் விடும், தேய்ந்த நீடில் வளராது.

இ20 பெட்ரோல்தான் வழியவைக்கிறது என்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலியத்தான் செய்யும். ஆனால் பழைய ரப்பர் ஹோஸை அது கெடுக்கும், டேங்க்கின் பழைய படிவைக் கரைத்துக் கிளப்பும். அந்தத் தூள் நீடில் சீட்டில் போய் உட்காரும். எனவே ஃபில்ட்டரையும் ஹோஸையும் மாற்றுங்கள்.

இந்தக் கார்களில் பாதிக்கு நோயே ஓடாமல் நிற்பதுதான். ஷோ அன்று மட்டும் வெளியே வரும் வண்டியின் சேம்பரில் பெட்ரோல் காய்ந்து, பிசுபிசுத்த பழுப்புப் பசையாக நீடிலை ஒட்டிவைக்கிறது. குரோம் பம்பருக்கு பாலிஷ் போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை விட்டு ஒன்றாவது, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். போகுமுன் தீயணைப்பானைச் சீட்டுக்கடியில் வையுங்கள், டிக்கியில் அல்ல.